டேப்பு நைனா படகுக்குக் கோடு போட்ட கதை

பெயிண்ட் எங்கே படக்கூடாது என்று டேப்பு நைனாவுக்குத் தெரிந்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பெயிண்ட் எங்கே பட வேண்டும் என்று கேட்டால் மட்டும் மனிதர் விழிப்பார். அது அவருடைய டிபார்ட்மென்ட் கிடையாது.

திருவொற்றியூரில் நான் வாடகைக்குக் குடிவந்த அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். வேலையாட்கள் என் பீரோவை மாடிப்படியில் ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டிலிருந்து கட்டம் போட்ட லுங்கியும் கைவைத்த பனியனுமாக ஒருவர் நிதானமாக இறங்கி வந்தார். இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு மாஸ்கிங் டேப் ரோல் தொங்கியது. "ரவ நில்லுப்பா" என்று அவர்களை நிறுத்தி, பீரோவின் மூலைகளில் எல்லாம் டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"செவுத்துல ஒரசிச்சின்னா பெயிண்டு பூடும்மா. இப்ப தூக்கு."

நான் பெயர் கேட்பதற்குள் போய்விட்டார். பீரோ ஒரு கீறல் இல்லாமல் மேலே வந்தது. டேப் மட்டும் இன்றுவரை அதன் மூலைகளில் அப்படியே இருக்கிறது. அப்போதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

அவர் வேலை பார்த்தது மணலிப் பக்கம், பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற ஒரு கம்பெனியில். பெயிண்ட் அடிக்கிற ஷெட்டில் சேர்ந்த நாள் முதல் ரிட்டயர் ஆன நாள் வரை ஒரே வேலைதான். பஸ்ஸின் மேல் கோடு எங்கே வர வேண்டுமோ, அதற்கு மேலேயும் கீழேயும் டேப் ஒட்ட வேண்டும். கண்ணாடியையும் விளக்கையும் பேப்பர் வைத்து மூட வேண்டும். காலை ஷிப்ட்டில் இதையெல்லாம் செய்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுப் படுத்துவிடுவார். மறுநாள் காலையில் போனால் பஸ்ஸின் மேல் கோடு கத்தியால் கீறியதுபோல் நிற்கும். "மெட்ராஸ்ல ஓடிகினு கீற பாதி பஸ்ஸுல என் கோடுதாம்மா" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அந்தக் கையில் ஒருநாள்கூட பிரஷ் இருந்ததில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவருக்கு வாய்த்தவர் கன்னியம்மா அக்கா. கடலோரக் குப்பத்தில் பிறந்து, மார்க்கெட்டில் மீன் விற்று வளர்ந்த குரல். அக்கா வீட்டுக்குள் நின்று "யோவ்" என்றால் மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோ நிற்கும். மீன் வாங்க வந்த இடத்தில் கம்பெனி யூனிஃபார்மின் மடிப்பு கலையாமல் நின்ற இவரைப் பார்த்து, "இவ்ளோ சுத்தமான ஆம்பளய எங்க குப்பத்துல பாத்ததே இல்ல" என்று கட்டிக்கொண்டதாக அக்காவே சொல்வார். அந்தச் சுத்தத்தோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பேஜாரு என்று பிறகுதான் தெரிந்திருக்கிறது.

மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். அக்கா போடும் கோலத்தில் கோடு கொஞ்சம் அலைகிறதாம். நைனாவுக்கு மனசு கேட்கவில்லை. விடிவதற்குள் எழுந்து தெருவைப் பெருக்கி, ஈரம் காயவைத்து, சிமென்ட் தரையில் அடுத்தடுத்து நேர்நேராக டேப் ஒட்டிவிட்டார். அக்கா திட்டிக்கொண்டே நடுவில் மாவைத் தூவினார். வெளிச்சம் வந்தபோது எங்கள் தெருவின் குறுக்கே பட்டை பட்டையாக வெள்ளைக்கோடு. தண்ணி லாரி வந்தது. கோட்டைப் பார்த்ததும் டிரைவர் பிரேக் போட்டு, ஜனங்கள் தாண்டுவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். தாண்ட அங்கே ஒருவரும் இல்லை. கடைசியில் அவரே தலையை வெளியே நீட்டி, "யாராச்சும் தாண்டுங்கப்பா, எனக்கு டூட்டி கீது" என்று கெஞ்சினார்.

நைனா அதற்குள் கையைத் தட்டிக்கொண்டு டீக்குப் போய்விட்டார். அக்காதான் குனிந்து ஒவ்வொரு டேப்பாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். "ஒட்ட மட்டும் தெரியும் இந்த ஆளுக்கு" என்று அவர் முனகியது என் காதில் விழுந்தது. காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

இனி படகு விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவின் தம்பி எத்திராஜ் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். ஒருநாள் கடலிலிருந்து எடுத்த வீடியோவை போனில் காட்டிக்கொண்டிருந்தார். தூரத்தில் கரை, கட்டடங்கள், புகைபோக்கி. அக்கா போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடல்லேந்து பாத்தா நம்ம ஊரு எப்டி கீதுன்னு எங்கப்பன் பாத்துச்சு, எங்கண்ணன் பாத்துச்சு, சளி ஒழுவிகினு திரிஞ்ச இந்த எத்திராஜி கூட பாத்துட்டான். அவங்க கொண்டாந்த மீன வித்து நாந்தான் வூட்ட காப்பாத்துனேன். நா மட்டும் பாக்கல."

அவர் வீட்டில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. ஏறுவது என்ன, தொடுவதுகூட இல்லை. வலையைத் தாண்டினாலே அவர் அப்பா வீட்டை இரண்டாக்கிவிடுவாராம். அக்கா சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம், உச்சுக்கொட்டினோம், டீ குடித்தோம், மறந்தோம். நைனா மறக்கவில்லை.

அடுத்த வாரமே பக்கத்துக் காலி மனையில் ஒரு தார்ப்பாய்ப் பந்தல் எழுந்தது. கன்டெய்னரில் சாமானோடு வருகிற பேக்கிங் கட்டைகள் வந்து இறங்கின. நான் வேலை பார்ப்பது கன்டெய்னர் கிடங்கு ஆபீஸ் ஒன்றில் என்பதால், "யம்மா, நல்ல கட்டையா பாத்து சொல்லும்மா" என்று என்னையும் இழுத்துவிட்டார். பிளைவுட் வந்தது, பிசின் வந்தது, ஒரு தச்சரும் வந்தார். படகு கட்டுவது எப்படி என்று ஒரு வெள்ளைக்காரர் போனில் விளக்குவார். நைனா சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார். "வாய கேக்க வேணாம்மா, கைய பாத்தா போதும்." தச்சர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் மாசிக்குள் அது படகு மாதிரி ஆகிவிட்டது. நாலு பேர் உட்காரலாம், அதில் ஒருவர் ஒல்லியாக இருந்தால்.

எத்திராஜ் வந்து சுற்றிப் பார்த்து, முஷ்டியால் தட்டிப் பார்த்து, "மெதக்கும் மாமா" என்றார்.

"எவ்ளோ நேரம்?"

"அத்த படகாண்டயே கேளு."

அக்கா மட்டும் மனைக்குள் காலே வைக்கவில்லை. காம்பவுண்ட் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று டீ கிளாஸை நீட்டுவார். படகின் மூக்கு சுவர் ஓரம் வந்தால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். ஒருநாள் நைனா நேராகவே கேட்டுவிட்டார். நான் அப்போது ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கோசரந்தான் கட்டிகினு கீறேன். ஏறுவியா, மாட்டியா?"

அக்கா படகையே பார்த்தார். ஆசையும் பயமும் ஒரே முகத்தில் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். பிறகு தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்.

"கோடு கோணலா இருந்துச்சுன்னா ஏற மாட்டேன். எத்திராஜி தோஸ்துங்கல்லாம் பாப்பானுங்கோ. என் மானம் பூடும்."

அது ஒரு சாக்கு. எனக்குப் புரிந்தது, எத்திராஜுக்குப் புரிந்தது, சுவர் மேல் இருந்த காக்காவுக்குக்கூடப் புரிந்திருக்கும். நைனா மட்டும் அதை கம்பெனி ஆர்டர் மாதிரி எடுத்துக்கொண்டார். கோடு நேராக இருந்தால் மனைவி ஏறுவாள், கோணினால் மாட்டாள். கோடு நேராக வர வேண்டுமென்றால் டேப் சரியாக இருக்க வேண்டும். ஆகவே அவருடைய வாழ்க்கை முழுவதும் இப்போது ஒரு ரோல் டேப்பில் வந்து நின்றது.

நாள் வேறு நெருக்கியது. ஓசூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். அக்கா போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். திங்கட்கிழமை ரயில். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூர்க் கழிமுகத்தில் படகை இறக்குவது என்று முடிவாயிற்று. கத்திரி வெயில் காலம். மீன்பிடித் தடை என்பதால் எத்திராஜும் ஊரில் சும்மாதான் இருந்தார்.

டேப் வாங்க நைனாவை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். எனக்குப் பொறுமை கிடையாது, ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சீக்கிரம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது.

கம்பெனியில் அவருக்கு டேப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்ததில்லை. ஸ்டோர்ஸில் கொடுப்பதை ஒட்ட வேண்டியதுதான். வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொந்த இஷ்டத்துக்கு டேப் வாங்க வந்திருக்கிறார். புடவைக்கடையில் அக்காகூட அப்படி உட்கார்ந்ததில்லை. ரோல்களை வரிசையாக எடுத்துப் போடச் சொன்னார். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து இழுத்துச் சத்தம் கேட்டார். மோந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார்.

கடைக்கார பாய் மிரண்டுபோனார். "நைனா, அது தின்றது இல்ல."

"எத்தினி சூடு தாங்கும்?"

"அது டேப்பு, நைனா. கொழம்பு சட்டியா?"

கடைசியில் பாய் உள்ளே போய், பிரியமாக ஒரு நீல நிற ரோலைக் கொண்டுவந்து வைத்தார். "இத்த எடுத்துக்கோ. வெல கொஞ்சம் கூட. ஆனா படகு, காரு எல்லாத்துக்கும் இதான். மெதுவா ஒட்டும். பெயிண்டு அடிச்சிட்டு இஸ்தா அழகா வந்துடும்."

நைனாவின் முகம் மாறியது. "வந்துடுமா?"

"ஆமா, ஈஸியா வந்துடும்."

"ஒட்டுன டேப்பு ஈஸியா வந்துட்சின்னா அதுக்குப் பேரு டேப்பா பாய்? விருந்தாளி."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. கவுன்டருக்கு அடியில் கிடந்த ஒரு தடித்த ரோலை எடுத்து, "அப்ப இத்த பாரு, தகரத்துக்கு ஒட்டறது" என்று ஒரு துண்டைக் கிழித்து கவுன்டரின் மேல் பட்டென்று ஒட்டினார். அதன் பிடியைக் காட்டுவதற்காக முனையைப் பிடித்து இழுத்தார். டேப் வந்தது. கூடவே கவுன்டரின் சன்மைக்காவும் ஒரு கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. பாயின் முகம் வெளுத்தது. நைனாவின் முகம் மலர்ந்தது.

"இதான் டேப்பு! இதுலயே குடு."

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. வாங்கியதோடு மற்ற வகைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் கேட்டு வாங்கிவந்து, வாரம் முழுக்கத் தெருவில் சோதனை நடத்தினார். வெயில் தாங்குகிறதா என்று என் ஸ்கூட்டியின் மட்கார்டில் ஒட்டினார். சூடு தாங்குகிறதா என்று இஸ்திரிக்காரரின் வண்டியில் ஒட்டினார். உப்பு தாங்குகிறதா என்று அக்காவின் ரசச் சட்டியில் கடல் தண்ணீரைப் பிடித்துவந்து ஊறவைத்தார். அன்று ரசம் வைத்த அக்கா ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு "யோவ்" என்றார். மெயின் ரோட்டில் எது எது நின்றதோ தெரியாது. தெருநாய்கள்கூட நைனா ரோலோடு வருவதைப் பார்த்தால் எழுந்து வேறு இடம் போயின. எல்லாச் சோதனையிலும் ஜெயித்தது அந்தத் தகர டேப்தான். ஒட்டிய இடத்தைவிட்டு இம்மி நகரவில்லை. நகர்கிறதா என்று அவர் இழுத்துப் பார்க்கவும் இல்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். கேலி செய்யலாம் என்றுதான் போனேன். ஆனால் அவர் ஒட்டுவதைப் பார்த்த பிறகு வாய் வரவில்லை. வெள்ளைப் படகின் மூக்கில் முனையை வைத்து அழுத்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். ரோலைக் கையில் பிரித்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். கண் ரோலைப் பார்க்கவில்லை, தூரத்தில் முடியப்போகிற இடத்தை மட்டும் பார்த்தது. படகின் வயிறு எங்கே வளைகிறதோ அங்கே டேப்பும் கூடவே வளைந்தது, ஒரு சுருக்கம் இல்லை. கடைசி வரை போய் நின்றபிறகுதான் மூச்சை விட்டார். மெட்ராஸில் பாதி பஸ்ஸில் இவர் கோடு ஓடுகிறது என்று அன்றுதான் நான் நம்பினேன்.

பக்கவாட்டில் "கன்னியம்மா" என்று எழுத்துகளையும் டேப்பிலேயே வெட்டி ஒட்டினார். பிறகு தள்ளி நின்றுகொண்டார். பெயிண்ட் அடித்தது எத்திராஜ். மயில் கழுத்து நீலம், அக்கா தேர்ந்தெடுத்த நிறம். டேப்புக்கு அடியில் மிஞ்சுகிற வெள்ளைதான் கோடு. அடிக்க ஆரம்பிப்பதற்குள் நைனா மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். எத்திராஜும் அடித்து முடித்ததும் டப்பாவை மூடிவிட்டுப் போனார். அவருக்கென்ன, அடி என்றார்கள், அடித்தார்.

வெள்ளி போயிற்று. சனியும் போயிற்று. கத்திரி வெயில் படகை வறுத்தது. ஆபீஸ் போகும்போது நைனாவைப் பார்த்துக் கேட்டேன்.

"டேப்ப எப்ப நைனா எடுக்கணும்?"

"ஆவும்மா, ஆவும்" என்றார், அடுத்த மாதம் வரும் கரண்ட் பில்லைப் பற்றிச் சொல்வதுபோல. ஆயுசு முழுக்க இதே வேலை பார்த்த மனிதருக்கு நான் என்ன சொல்வது என்று போய்விட்டேன். அக்காவும் காம்பவுண்ட் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து அடிக்கடி எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. படகை ஏற்ற குட்டி யானை வண்டி வந்து நின்றது. எத்திராஜும் நாலு கூட்டாளிகளும் வந்தார்கள். அக்கா புதுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, வாசற்படியில் நின்றார். தார்ப்பாயை விலக்கினார்கள். நீலத்துக்கு நடுவே டேப் வியாழக்கிழமை ஒட்டியபடியே கம்மென்று உட்கார்ந்திருந்தது. வெயிலில் வறுபட்ட பெயிண்ட் அதன் மேல் கெட்டியாகக் காய்ந்திருந்தது.

"இன்னா மாமா, டேப்பு அப்டியே கீது?" என்றார் எத்திராஜ்.

நைனா படகைப் பார்த்தார். தெருவின் இந்த முனையைப் பார்த்தார். அந்த முனையைப் பார்த்தார். யாரோ வர வேண்டியவர் வராத மாதிரி.

"ஏன், இன்னும் பிரிக்கலயா?"

"யாரு பிரிக்கணும்?"

நைனா ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்.

"நா ஒட்டற ஆளுப்பா. பிரிக்கறது செகண்ட் ஷிப்டு."

எத்திராஜின் கூட்டாளிகள் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைக்க என்ன இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டயர் ஆகும்வரை இந்த மனிதர் தான் ஒட்டிய டேப் ஒன்றைக்கூட பிரித்ததில்லை. பிரிப்பதைப் பார்த்ததும் இல்லை. இவர் குளித்துவிட்டுப் படுத்த பிறகு யாரோ வந்து பெயிண்ட் அடித்து, யாரோ பிரித்து, யாரோ துடைத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டில் அந்த யாரோ, கன்னியம்மா அக்கா. கோலமானாலும் ஜன்னலானாலும் இவர் பின்னாலேயே வந்து பிய்த்தது அவர்தான். இந்தப் படகில் மட்டும் அவர் கை வைக்கவில்லை, தொடக்கூடாதே. ஆகவே செகண்ட் ஷிப்ட் வரவே இல்லை.

"இதுக்கு இன்னா இவ்ளோ யோசன" என்று எத்திராஜ் முனையைப் பிடித்தார். வலை இழுக்கிற கை. ஒரே இழுப்பு. பாயின் கவுன்டரில் நடந்ததேதான் இங்கேயும் நடந்தது. டேப்போடு நீலமும் ஒரு பொருக்காகப் பெயர்ந்து வந்தது. கோட்டின் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம்.

சிரிப்பு நின்றுவிட்டது. நைனா அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தார். அக்கா இருக்கும் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"கோணிட்சி" என்றார். "அவ ஏற மாட்டா."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு நான் சிரித்த சிரிப்பு கசந்தது. மறுநாள் அக்காவுக்கு ரயில். பெயிண்டைச் சுரண்டி மறுபடி அடித்துக் காயவைக்க நேரம் கிடையாது. வண்டிக்காரர் இன்ஜினை அணைத்தார்.

வாசற்படியைப் பார்த்தேன். அக்கா அங்கே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு சட்டியில் வெந்நீரும் தோளில் ஒரு பழைய துணியும் கையில் ஒரு பாதி பிளேடுமாக வெளியே வந்தார். அதே ரசச் சட்டி. புதுப் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தார். நேராக மனைக்குள் நடந்தார். முதல்தடவையாக. படகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றார். எத்திராஜுக்கு என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துவிட்டது.

"யக்கா, படக தொடப்போறியா? அப்பன் இருந்தா..."

"அப்பன் இருந்தா இன்னா சொல்லும்? வலைய ஏத்தற படக தொடாதன்னும். இது இன்னா, மீனு புடிக்கப் போவுதா?" அக்கா எழுத்தின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினார். "என் பேர எழுதி வெச்சிகினு என்னிய தொடாதன்றியா நீ? தள்ளு அந்தாண்ட."

எத்திராஜ் தள்ளினார்.

அக்கா கையைப் படகின் மேல் வைத்தார். ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. வெந்நீரில் நனைத்த துணியை டேப்பின் மேல் ஒற்றினார். ஓரத்தில் பிளேடால் லேசாக ஒரு கீறல் விட்டார். முனையைத் தூக்கி, பின்பக்கமாக மடித்து, பச்சைக் குழந்தையின் சட்டையைக் கழற்றுவதுபோல மெதுவாக உரித்தார். இத்தனை வருஷமாக அவர் பின்னால் குனிந்து பிய்த்த கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உரிக்க உரிக்க கோடு வெளியே வந்தது. நைனா மண்ணில் உட்கார்ந்தபடியே அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோடு பிறப்பதை அவர் பார்ப்பது அதுதான் முதல்தடவை.

"ஐயோ, இப்டியா வரும்?" என்றார்.

"இப்டித்தான்யா வரும். நீ எங்க நின்னு பாத்த, டீக்கட பக்கமா ஓடிடுவ."

எல்லாம் உரித்து முடிந்ததும் அக்கா படகின் மூக்குக்குப் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டை நீளமாகப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எலி கடித்த இடத்தில் அவர் பார்வை ஒரு நொடி நின்றது, பிறகு தாண்டிப் போயிற்று.

"நேராதான் கீது" என்றார். "வண்டில ஏத்துங்கடா."

கழிமுகத்தில் இறக்கும்போது இன்னொரு கூத்து. நைனாவுக்கு நீச்சல் தெரியாது. "ஒட்டனது நானு, ஓட்டறது எத்திராஜி" என்று கரையிலேயே நின்றுகொள்ளப் பார்த்தார். "நீ ஏறலன்னா நா எறங்கிடுவேன்" என்றார் அக்கா. எங்கிருந்தோ ஒரு லாரி டியூப் வந்தது. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு, சாமி கும்பிட்டு, நைனா ஏறினார். எத்திராஜ் துடுப்பைப் பிடித்தார். நாலாவது ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒல்லி இல்லை, ஆனால் அன்று யாரும் அதைப் பேசவில்லை.

முகத்துவாரம் வரைக்கும் போனோம். அங்கே தண்ணீர் அகலமாகத் திறந்தது. வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் கிரேன்கள் நின்றன. தெற்கே கரை வளைந்து வளைந்து போயிற்று, கட்டடமும் புகைபோக்கியும் கல் கொட்டிய கரையுமாக.

"நம்ம தெரு எங்கடா?"

"அதோ, வெள்ளையா ஒன்னு தெரியுதே, அதுக்கு அந்தாண்ட யக்கா."

அக்கா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "இவ்ளோதானா!" என்றார். "இத்த பாக்கறதுக்கா எங்கப்பன் டெய்லி போச்சு?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு அடங்கி, கரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டார், தெறித்த தண்ணீராகவும் இருக்கலாம். "எத்திராஜி, திருப்பாத. இன்னொரு ரவுண்டு வுடு."

நைனா இரண்டு கையாலும் படகின் ஓரத்தைப் பிடித்தபடி கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அவருடைய முழங்கையில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா கரையைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமலேயே, கையை நீட்டி அதைப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை அக்கா ஓசூருக்குப் போனார். பேத்தி பிறந்தாள், இன்னும் அங்கேதான் இருக்கிறார். படகு காலி மனையில் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது. எலி கடித்த இடத்தைச் சரிசெய்ய எத்திராஜ் பிரஷ்ஷோடு வந்தார். நைனா விடவில்லை, "அவ பாத்து ஓக்கே பண்ணது" என்றார்.

இன்று காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். நைனா வீட்டு கேட் பளபளவென்று புதுப் பெயிண்டில் நின்றது. யாரையோ கூப்பிட்டு அடித்திருக்கிறார். பூட்டிலும் கைப்பிடியிலும் தூணின் ஓரங்களிலும் டேப். இந்தத் தடவை நீல டேப், பாய் அன்று எடுத்துக் காட்டிய அதே விருந்தாளி. நைனா படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு நைனா இத பிரிக்கப்போறது?"

"வந்துடும்மா, செகண்ட் ஷிப்டு" என்றார். தெருமுனையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஓசூர் ரயில் அந்த வழியாகத்தான் வரும் என்பது மாதிரி.

ஆபீஸுக்கு ஏற்கெனவே லேட். ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டேன், பையை ஹேண்டில்பாரில் மாட்டினேன். கேட்டுக்கு முன்னால் குனிந்து, டேப்பின் ஒரு முனையைத் தூக்கி, அக்கா செய்த மாதிரியே பின்பக்கமாக மடித்து மெதுவாக உரிக்க ஆரம்பித்தேன். அக்கா திரும்பி வரும்வரைக்கும் எங்கள் தெருவில் செகண்ட் ஷிப்ட் நான்தான்.